போர்வெல் மோட்டார் கருகினால் மேலே தூக்கலாம்... விமான மோட்டார் கருகினால்?

சித்திரை வெயில் ஏறிவிட்டால் சேலம், நாமக்கல் பக்கம் தோட்டங்களில் ஒரு காட்சி தப்பாது. போர்வெல் வாயில் மூன்று கால் நட்டு, செயின் மாட்டி, குழாய் குழாயாகக் கழற்றி, கடைசியில் ஈரம் சொட்டச் சொட்ட ஒரு மோட்டாரை மேலே எடுப்பார்கள். தண்ணீர் மட்டம் இறங்கியது தெரியாமல் வெறுமனே ஓடியிருக்கும். இல்லையென்றால் மூன்று ஃபேஸில் ஒன்று போயிருக்கும். மோட்டாரை எக்ஸெல் வண்டியின் முன்னால் படுக்க வைத்து டவுனுக்குக் கொண்டுபோனால், வைண்டிங் கடைக்காரர் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார். மோந்து பார்த்தே சொல்லிவிடுவார், “காயில் போச்சுங்க.”

மூன்று நாள் ஆகும். சில ஆயிரம் செலவாகும். அதற்குள் சோளம் கொஞ்சம் வாடும். நஷ்டம்தான், ஆனால் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

இதே மாதிரி ஒரு மோட்டார் 3,000 அடி உயரத்தில் விமானத்தின் மூக்கில் உட்கார்ந்து விசிறியைச் சுற்றுகிறது என்று வையுங்கள். அங்கே காயில் போனால்? மூன்று காலும் இல்லை, செயினும் இல்லை.

பெட்ரோலே இல்லாமல் முழுக்க முழுக்க பேட்டரியில் பறக்கும் விமானங்களைப் பற்றி இப்போது தினம் ஒரு செய்தி வருகிறது. எல்லாரும் பேட்டரியைப் பற்றியே பேசுகிறார்கள். அது நியாயம்தான். ஆனால், அந்த விமானத்தின் மோட்டாருக்குள் என்ன நடக்கிறது என்பது, காயில் கட்டும் கடை தெருவுக்கு ஒன்று இருக்கும் இந்த ஊர்க்காரர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரியும்.

5 ஹெச்.பி-க்கு 40 கிலோ, 77 ஹெச்.பி-க்கு 23 கிலோ

கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கும் வார்ப்பிரும்பு உடம்பு 5 ஹெச்.பி மோட்டாரை ஒரு ஆள் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். சுமார் 40 கிலோ இருக்கும்.

ஸ்லோவேனியா நாட்டின் பிபிஸ்ட்ரெல் நிறுவனம் செய்த ‘வெலிஸ் எலெக்ட்ரோ’ என்ற இரண்டு இருக்கை விமானத்தின் மோட்டார் எடை 23 கிலோகூட இல்லை. அது கொடுக்கும் சக்தி 57.6 கிலோவாட், அதாவது 77 ஹெச்.பி. விட்டம் 27 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, தடிமன் 9 சென்டிமீட்டர். பெரிய குடும்பத்து இட்லித்தட்டு அளவு.

2020 மே மாதம் இந்த மோட்டாருக்கும், அடுத்த மாதமே இந்த விமானத்துக்கும் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை சான்றிதழ் கொடுத்தது. ஆள் ஏறிப் பறக்கும் முழு மின்சார விமானம் ஒன்று இந்த வகைச் சான்றிதழ் வாங்கியது உலகத்தில் அதுதான் முதல் தடவை.

இதைவிட மிரட்டலான கணக்கு ஒன்று ஜெர்மனியில் இருந்தது. சீமென்ஸ் நிறுவனம் 2015-ல் ஒரு விமான மோட்டாரை அறிவித்தது. எடை 50 கிலோ, சக்தி 260 கிலோவாட், சுமார் 350 ஹெச்.பி. நம் கிணற்று மோட்டாரைவிட எடை பத்து கிலோ கூட, சக்தி 70 மடங்கு கூட! அடுத்த வருடமே அதை ஒரு சாகச விமானத்தில் மாட்டிப் பறக்கவிட்டார்கள். அது 3,000 மீட்டர் உயரத்தை 4 நிமிடம் 22 நொடியில் தொட்டது. பிறகு 2019-ல் சீமென்ஸ் அந்தப் பிரிவையே ரோல்ஸ் ராய்ஸுக்கு விற்றுவிட்டது.

அந்த மோட்டாரிலும் செம்பு கம்பிதான், இரும்புத் தகடுதான், காந்தவிசைதான். கிணற்று மோட்டாரில் இருப்பதும் அதுவே. அப்புறம் எப்படி 70 மடங்கு?

ஒல்லி மோட்டார், தட்டை மோட்டார்

முதல் விடை, வடிவத்தில் இருக்கிறது.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்ப் போடுகிற போர் பெரும்பாலும் ஆறரை இன்ச். அந்த ஓட்டைக்குள் இறங்க வேண்டுமென்றால் மோட்டார் ஒல்லியாகத்தான் இருந்தாக வேண்டும். அகலம் கிடைக்காததால் நீளத்தில் சமாளிக்கிறார்கள். அதனால்தான் சப்மெர்சிபிள் மோட்டார் கரும்பு மாதிரி நீட்டமாக இருக்கிறது. ஒல்லி மோட்டாருக்குத் திருகுவிசை குறைவு. அதை வேகத்தில் ஈடுகட்டுகிறார்கள். நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடும். பம்புக்கு அது வசதியும்கூட.

விமானத்தின் விசிறிக்கு இது ஒத்துவராது. இரண்டு மீட்டர் விசிறி நிமிடத்துக்கு 2,500 சுற்று சுற்றினாலே அதன் நுனி நொடிக்கு 260 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியின் வேகம் 340 மீட்டர்தான். நுனி ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காது கிழியும் சத்தம் வரும், தள்ளும் விசை குறையும். ஆகவே விசிறி மெதுவாகச் சுற்ற வேண்டும். ஆனால் பலமாகச் சுற்ற வேண்டும்.

மெதுவாக, ஆனால் பலமாக. லாரி சக்கரத்து நட்டைக் கழற்றும்போது கைப்பிடி நீளமான ஸ்பேனரை எடுப்பது எதற்கு? அதே காரணம்தான் இங்கேயும். சுழலும் பாகத்தின் விட்டத்தைக் கூட்டினால் திருகுவிசை மளமளவென்று ஏறும். விட்டம் இரண்டு மடங்கானால், அதே நீளத்துக்கு விசை ஏறத்தாழ நான்கு மடங்கு. எனவே விமான மோட்டார்க்காரர்கள் கரும்பைத் தோசைக்கல்லாக்கினார்கள். நடுவில் காயில் தட்டு, பக்கத்தில் காந்தத் தட்டு, இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்தபடி. வெலிஸில் இருப்பது இந்த வகைதான். ரோல்ஸ் ராய்ஸின் ‘ஸ்பிரிட் ஆஃப் இன்னோவேஷன்’ விமானம் 2021 நவம்பரில் மணிக்கு 555.9 கி.மீ வேகத்தில் பறந்து உலக சாதனை செய்ததும் இந்த வகைத் தட்டை மோட்டார்களை வைத்துத்தான்.

இரண்டாவது விடை காந்தம். கிணற்று மோட்டாரின் ரோட்டாரில் காந்தம் கிடையாது. ஸ்டேட்டரில் ஓடும் மின்சாரம்தான் ரோட்டாரிலும் மின்சாரத்தைத் தூண்டி, அதைத் தற்காலிகக் காந்தமாக்கி இழுத்துக்கொண்டு போகிறது. விமான மோட்டாரில் நியோடிமியம் என்ற அரிய உலோகம் கலந்த நிரந்தரக் காந்தங்களை வரிசையாக ஒட்டிவிடுகிறார்கள். காந்தத்தை உருவாக்க மின்சாரம் செலவழிக்க வேண்டாம். அந்தச் சூடும் மிச்சம்.

மற்றதெல்லாம் சிக்கனம். சீமென்ஸ்காரர்கள் மோட்டாரின் முன்பக்க மூடியைக் கணினியில் உட்கார்ந்து செதுக்கிச் செதுக்கி, 10.5 கிலோவை 4.9 கிலோவாக்கினார்கள். கல்யாணப் பந்தலுக்கு மூங்கில் கட்டுகிறவர் எங்கே தாங்குமோ அங்கே மட்டும் கட்டுவார் இல்லையா, அப்படி. ஸ்டேட்டர் தகட்டுக்கு கோபால்ட் கலந்த இரும்பு. (சேலம் உருக்காலை ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஆனால் அங்கே தயாராவது துருப்பிடிக்காத எஃகு. மோட்டார் தகட்டுக்கு அது ஆகாது.)

எண்ணெயில் குளிக்கும் காயில்

சக்தியை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம். சூட்டை என்ன செய்வது? விமான மோட்டார் செய்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இந்தக் கேள்விதான்.

நல்ல மோட்டாரும் நூற்றுக்கு ஐந்து பங்கு மின்சாரத்தைச் சூடாக வீணாக்கும். 260 கிலோவாட்டில் ஐந்து பங்கு என்றால் 13 கிலோவாட். வீட்டில் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி ஒரு கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், 50 கிலோ மோட்டாருக்குள் 13 இஸ்திரிப் பெட்டிகளை அடைத்து, அத்தனையையும் போட்டுவிட்ட மாதிரி. சூட்டை வெளியே எடுக்காவிட்டால் சில நிமிடங்களில் வார்னிஷ் கருகிவிடும்.

இந்த இடத்தில் வைண்டிங் கடைக்காரர் ஒரு புன்சிரிப்பு சிரிக்கலாம். ஏனென்றால் சீமென்ஸ் கண்ட வழி, அவர் தினமும் கையில் பார்ப்பதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். நம் ஊர் சப்மெர்சிபிளில் பெரும்பாலானவற்றின் உள்ளே தண்ணீர்தான் நிரம்பியிருக்கும். பிளாஸ்டிக் உறை சுற்றிய செம்புக் கம்பி அந்தத் தண்ணீரிலேயே நனைந்து கிடக்கும். கம்பியின் சூடு நேராகத் தண்ணீருக்கு, தண்ணீரிலிருந்து உடம்புக்கு, உடம்பிலிருந்து கிணற்று நீருக்கு. கிணற்றில் நீர் இருக்கும்வரை மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது.

சீமென்ஸ் மோட்டாரிலும் செம்புக் கம்பியைத் தொட்டபடியே திரவம் ஓடியது. தண்ணீருக்குப் பதில், மின்சாரம் கடத்தாத சிலிகான் எண்ணெய் போன்ற திரவம். வித்தியாசம், விமானத்தைச் சுற்றிக் கிணறு இல்லை. சூடான திரவத்தைக் கொண்டுபோய்க் காற்றில் ஆற வைக்கக் கார் போல ஒரு ரேடியேட்டர் வேண்டும். ரேடியேட்டருக்கு எடை உண்டு. அது காற்றைத் தடுக்கவும் செய்யும். உயரம் போகப் போகக் காற்று மெலியும், ஆற்றும் சக்தியும் குறையும். மெலிந்த காற்றில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளும். தரையில் அடங்கிக் கிடக்கும் அதே வோல்டேஜ், உயரத்தில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே பொறி தட்ட ஆரம்பிக்கும். ஆகவே இன்சுலேஷன் தடிமனாக வேண்டும். தடிமனானால் சூடு வெளியேறாது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று இழுக்கும்.

இதற்கெல்லாம் மேல் ஒன்று. கிணற்று மோட்டார் சூட்டில் செத்தால் காயிலைப் பிடுங்கிவிட்டுப் புதுக் காயில் கட்டலாம். நிரந்தரக் காந்த மோட்டாரில் சூடு எல்லை தாண்டினால் காந்தம் தன் காந்தத்தன்மையையே இழந்துவிடும். சாதாரண ரகக் காந்தத்துக்கு 80 டிகிரியே ஆபத்து. டிஸ்ப்ரோசியம் போன்ற இன்னும் அரிய உலோகம் கலந்தால்தான் 150, 200 டிகிரிவரை தாங்கும். இழந்த காந்தத்தை எந்த வைண்டிங் கடையிலும் திரும்பக் கட்ட முடியாது.

சுவிட்சை அணைத்தாலும் அணையாத மோட்டார்

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். பறக்கும்போது காயிலில் ஒரு இடத்தில் இன்சுலேஷன் போய் இரண்டு கம்பி ஒட்டிக்கொண்டது. என்ன ஆகும்?

கிணற்றில் என்றால் ஸ்டார்டர் விழும், மோட்டார் நிற்கும், கதை முடிந்தது. விமானத்தில் கதை அங்கேதான் தொடங்குகிறது. விமானி மின்சாரத்தை அணைத்துவிடுகிறார் என்று வையுங்கள். விமானம் முன்னே போய்க்கொண்டுதான் இருக்கும். எதிர்க்காற்று விசிறியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். விசிறியோடு காந்தங்களும் சுற்றும். சுற்றுகிற காந்தத்துக்குப் பக்கத்தில் செம்புக் கம்பி இருந்தால் என்ன நடக்கும் என்று பழைய சைக்கிள் டைனமோவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மின்சாரம் பிறக்கும்! அந்த மின்சாரம் நேராக, ஒட்டிப்போன அந்தக் கம்பிகளுக்குள்ளேயே பாய்ந்து இன்னும் சூடாக்கும். பேட்டரியைத் துண்டித்த பிறகும் மோட்டார் தனக்குத் தானே தீ மூட்டிக்கொள்ளலாம்.

காந்தம் கொடுத்த வரத்தோடு சேர்ந்து வந்த சாபம் இது. மோட்டாரின் எடையைக் குறைத்த அதே காந்தம்தான் அதை அணைக்கவும் விடமாட்டேன் என்கிறது.

இதற்குப் பொறியாளர்கள் பல வழி வைத்திருக்கிறார்கள். விசிறியின் இறக்கைகளைக் காற்றுக்கு நேராகத் திருப்பிச் சுழல்வதையே நிறுத்துவது ஒன்று. ஒரே மோட்டாருக்குள் ஒன்றோடொன்று தொடாத இரண்டு, மூன்று, நான்கு வைண்டிங்குகள் கட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி இன்வெர்ட்டர் வைப்பது இன்னொன்று. ஒன்று செத்தாலும் மீதி இருப்பவை விமானத்தைத் தரைக்குக் கொண்டுவரும். கம்பி ஒட்டினாலும் ஓரளவுக்கு மேல் மின்சாரம் பாயாதபடி காயிலையே வடிவமைப்பது மூன்றாவது. எல்லாவற்றையும்விட எளிது, ஒரு மோட்டாருக்குப் பதில் பல மோட்டார்கள். சென்னை ஐ.ஐ.டி-யின் விண்வெளிப் பொறியியல் பேராசிரியர் சத்யா சக்கரவர்த்தி 2019-ல் தொடங்கிய ‘இபிளேன்’ நிறுவனத்தின் பறக்கும் டாக்ஸி போகும் வழி இது. செங்குத்தாக எழும்ப ஒரு கூட்டம் மோட்டார்கள் அதில் உண்டு. இந்த ரகத்தில் 788 ஏர் ஆம்புலன்ஸ்கள் தர 2025 பிப்ரவரியில் அந்த நிறுவனம் ஒப்பந்தமும் போட்டிருக்கிறது.

இதெல்லாம் மிகையான பயம் என்று நினைப்பவர்கள் நாசாவைக் கேட்கலாம். 2016-ல் நாசா ‘எக்ஸ்-57 மேக்ஸ்வெல்’ என்ற மின்சார விமானத் திட்டத்தை அறிவித்தது. இத்தாலிய விமானம் ஒன்றை எடுத்து, எஞ்சினைக் கழற்றிவிட்டு, இறக்கை நெடுக 14 மோட்டார்கள் வைப்பது திட்டம். முதலில் மோட்டாருக்கு மின்சாரம் ஊட்டும் இன்வெர்ட்டருக்குள் இருந்த டிரான்சிஸ்டர்கள் சோதனையில் வெடித்தன. அதைச் சரிசெய்தார்கள். கடைசிக் கட்டத்தில், விமானத்தை உந்தும் அமைப்பிலேயே விமானியின் உயிருக்கு ஆபத்தான ஒரு பழுது வர வாய்ப்பிருப்பது தெரிந்தது. திருத்தக் காலமும் பணமும் போதவில்லை. 2023 ஜூனில், ஒரு தடவைகூடப் பறக்காமலே திட்டத்தை முடிப்பதாக அறிவித்துவிட்டார்கள். நிலவுக்கு ஆள் அனுப்பிய நிறுவனம், மோட்டார் மேல் நம்பிக்கை வரவில்லை என்று விமானத்தைத் தரையிலேயே நிறுத்தியது. அவமானம் என்று சிலர் எழுதினார்கள். விமானியின் வீட்டாரிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள்.

சந்திரயானில் போன சேலம் மோட்டார்

மோட்டாரும் கொங்கு மண்டலமும் பழைய சிநேகிதர்கள். 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் வந்து மின்சாரம் மலிவான பிறகு, கோவையில் 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செய்த மோட்டாரைத்தான் இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று சொல்வார்கள். அதற்குப் பின் பம்ப்செட் மோட்டாரில் கோவை இந்தியாவுக்கே பெயர் சொல்லும் ஊரானது. ஈரோடு, நாமக்கல், சேலம் என்று ஊர் ஊருக்கு வைண்டிங் கடைகள் முளைத்தன.

ஆனால், பறக்கும் மோட்டார் விஷயத்தில் சேலத்துக்கு என்று தனியாக ஒரு பெருமை இருக்கிறது. சேலத்துக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. 2023 ஜூலை 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சந்திரயான்-3-ஐச் சுமந்துகொண்டு கிளம்பிய எல்.வி.எம்-3 ராக்கெட்டில் சேலத்து மோட்டார் ஒன்று இருந்தது. சோனா தொழில்நுட்பக் கல்லூரியில் இயங்கும் ‘சோனாஸ்பீடு’ ஆராய்ச்சி மையம் வடிவமைத்தது அது.

அது ராக்கெட்டைத் தள்ளும் மோட்டார் இல்லை. ராக்கெட்டின் திரவ எஞ்சினுக்குள் எரிபொருளும் ஆக்ஸிகரணியும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் அமைப்பில், படிப்படியாகத் திரும்பி வேலை செய்கிற சின்ன மோட்டார். அடுப்பில் கேஸ் குமிழைச் சிம்முக்குத் திருப்புகிற கை மாதிரி. ஆனால் நிரந்தரக் காந்த மோட்டார், விண்வெளித் தரத்தில் தேறிய மோட்டார். அதிர்வு, சூடு, குளிர், காற்றில்லாத வெளி எல்லாவற்றிலும் சொன்ன இடத்தில் சொன்ன அளவு திரும்பியாக வேண்டும்.

அதன் பெயரிலேயே ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ‘சிம்ப்ளெக்ஸ்’ நிரந்தரக் காந்த ஸ்டெப்பர் மோட்டார். சிம்ப்ளெக்ஸ் என்றால் ஒற்றை வைண்டிங். விண்வெளி, விமானத் துறைகளில் ‘டூப்ளெக்ஸ்’ என்றால் இரண்டு, ‘குவாட்ரூப்ளெக்ஸ்’ என்றால் நான்கு. ஒன்று போனால் இன்னொன்று, அதுவும் போனால் மூன்றாவது. விமானத்தில் காயில் கருகினால் என்ன செய்வது என்ற கேள்விக்கான விடையைத்தான் அந்தத் துறைக்காரர்கள் மோட்டாரின் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஸ்டெப்பர் மோட்டாருக்கும் விமானத்தை உந்தும் மோட்டாருக்கும் இடையே தூரம் அதிகம்தான். இருந்தாலும் இரண்டுக்கும் தேவையான பழக்கம் ஒன்றே. ஒவ்வொரு காயிலையும் சோதித்து, ஒவ்வொரு சோதனையையும் எழுதி வைத்து, எது எப்போது எப்படிக் கெடும் என்று முன்கூட்டியே கணக்குப் போடும் பழக்கம். கிணற்று மோட்டாரில் அதற்குத் தேவையும் இல்லை, நேரமும் இல்லை. 2019-ல் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் சேலமும் ஒன்று. அங்கே வரப்போகும் தொழிற்கூடங்கள் தேடுவதும் இந்தப் பழக்கம் உள்ள பிள்ளைகளைத்தான்.

காந்தம் மட்டும் இன்னும் கையில் இல்லை. உலகத்தின் அரியமண் காந்தங்களில் பெரும்பகுதி சீனாவில் தயாராகிறது. 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் இந்தியாவின் மின்வாகனத் தொழிற்சாலைகள் திணறிப்போயின. அந்த வருடம் நவம்பரில் இங்கேயே காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அரியமண் தாதுக்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலேயே கிடக்கின்றன. மணலிலிருந்து காந்தம்வரை உள்ள பாதைதான் நீளம்.

25 யூனிட் விமானம்

சரி, ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு மின்சார விமானம் எப்போது?

அங்கே நிற்கும் ஏ.டி.ஆர் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். 70-க்கும் மேல் இருக்கைகள், முழுப் பாரத்தோடு கிளம்பும்போது எடை சுமார் 23 டன். சேலத்திலிருந்து சென்னைக்கு வானவழியில் 300 கி.மீ-க்குள்தான். அரை டன் எரிபொருள் குடிக்கும் என்று வையுங்கள். ஒரு கிலோ விமான எரிபொருளில் இருப்பது சுமார் 12 யூனிட் சக்தி. எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வேலையாக மாற்றும். அப்படிப் பார்த்தாலும் 1,800 யூனிட்டை ஒட்டி வரும். இன்றைய பேட்டரித் தொகுப்பு கிலோவுக்கு 0.2 யூனிட்டைத் தாண்டப் பாடுபடுகிறது. ஆக, பேட்டரி மட்டுமே 9 டன்! பயணிகள், பெட்டிகள் எல்லாம் சேர்த்து அந்த விமானம் தூக்கக்கூடியதே ஏழரை டன்தான். பேட்டரியை ஏற்றிவிட்டு ஆட்களை இறக்கிவிட வேண்டியிருக்கும். எரிபொருளாவது எரிய எரிய எடை குறையும். பேட்டரி கிளம்பும்போது எத்தனை டன்னோ இறங்கும்போதும் அத்தனை டன்.

2018 மார்ச்சில் உதான் திட்டத்தில் தொடங்கிய சேலம் – சென்னை விமானம் 2021-ல் நின்றுபோய், மறுபடி 2023 அக்டோபரில்தான் வந்தது. அந்த இரண்டு வருடங்கள் ஊர் பட்ட பாடு தெரிந்தவர்கள், ஏ.டி.ஆர் நிற்காமல் வந்தாலே போதும் என்றுதான் சொல்வார்கள்.

ஆனால், விமானம் என்றால் பயணிகள் விமானம் மட்டும் இல்லையே. வெலிஸ் எலெக்ட்ரோவின் மொத்த பேட்டரிகளிலும் இருப்பது 24.8 யூனிட். வீட்டுக்கு அரசு இலவசமாகக் கொடுக்கும் 100 யூனிட்டில் நான்கு தடவை நிரப்பலாம். ஒரு தடவை நிரப்பினால் சுமார் 50 நிமிடம் பறக்கும். சென்னைக்குப் போகப் பத்தாது. விமானம் ஓட்டக் கற்றுக்கொள்பவர், கிளம்பி, ஒரு வட்டம் அடித்து, இறங்கி, மறுபடி கிளம்பிப் பழக அது போதும். பயிற்சி விமானத்தில் சத்தமும் குறையும், எரிபொருள் செலவும் குறையும். எரிபொருள் செலவு குறைந்தால் விமானி ஆக ஆசைப்படும் நடுத்தர வீட்டுப் பிள்ளையின் கட்டணமும் கொஞ்சம் இறங்க வழியுண்டு.

இந்தியாவும் அதே கணக்கைத்தான் போடுகிறது. பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் ‘இ-ஹன்சா’ என்ற இரண்டு இருக்கை மின்சாரப் பயிற்சி விமானத்தை உருவாக்குவதாக 2025 மே மாதம் மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங் அறிவித்தார். விலை சுமார் இரண்டு கோடி ரூபாயாக இருக்கும், வெளிநாட்டிலிருந்து வாங்கும் பயிற்சி விமானத்தின் விலையில் ஏறத்தாழ பாதி என்றார்.

இந்திய விமான நிலைய ஆணையம் விமானப் பயிற்சிப் பள்ளி தொடங்க 2022-ல் தேர்ந்தெடுத்த நிலையங்களில் சேலமும் ஒன்று. ராக்கெட்டுக்கு மோட்டார் வடிவமைத்த கல்லூரி அதே ஊரில் இருக்கிறது. ‘இ-ஹன்சா’ உருவாகும் பெங்களூரு காரில் நாலு மணி நேரம். காமலாபுரம் ஓடுபாதையில் ஒருநாள் அந்தக் குட்டி விமானம் வந்து இறங்கினால், அதன் மூக்கில் இருக்கும் மோட்டாரின் உள்ளே எத்தனை வைண்டிங் இருக்கிறது, அதைக் கட்டியது யார் என்று கேட்க வேண்டிய முதல் ஆட்கள், எக்ஸெல் வண்டியில் மோட்டாரைப் படுக்க வைத்துக் கொண்டுபோனவர்கள்தான்.